கதைத்துக்கொண்டே மிதிக்கும் வேகம்

லிங்கநகர்,
திருகோணமலை.
9.2.2025

அன்பு மகள் கீர்த்தனிக்கு,

நானும் அம்மாவும் சுகம். சைக்கிளும் சுகம். என் முழங்கால்தான் என்னோடு கோபம். போனில் சொன்னால் நான் மூச்சு வாங்குவது உனக்குக் கேட்டுவிடும். அதுதான் கடிதம்.

சித்திரையில் நீயும் ரஜீவனும் சைக்கிளில் இங்கே வந்து திரும்பும்போது, மட்டக்களப்பு வரை நானும் கூட வரட்டுமா? உங்கள் கலியாணத்துக்கு வராமல் வீம்பு பிடித்து வீட்டில் இருந்த மனிசன் நான். கதிரையில் எதிரெதிரே இருந்து ரஜீவனின் முகத்தைப் பார்த்துக் கதைக்க எனக்கு ஏலாது. சைக்கிள் என்றால் இரண்டு பேரும் றோட்டைப் பார்த்துக்கொண்டு கதைக்கலாம்.

நேற்றுப் பயிற்சி தொடங்கினேன். கிண்ணியாப் பாலத்தில், மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் மீன் யாவாரி ஸைனுலாப்தீன் நானா என்னை முந்தினார். விடுவேனா? துரத்தினேன். பாலம் முடிய முன்னம் என் கால் முடிந்துவிட்டது. வீட்டுக்கு ஆட்டோவில் வந்தேன், சைக்கிளை மடியில் வைத்துக்கொண்டு.

உன் வீராதிவீரன்,
அப்பா

மட்டக்களப்பு
17.2.2025

அன்பு அப்பா,

மீன் யாவாரியோடு போட்டி போடச் சொன்னது யார்? கதைத்துக்கொண்டே மிதிக்கக்கூடிய வேகத்தில் போங்கள். மூச்சு வாங்கிக் கதை நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். கிழமைக்குக் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு. சீற்றை உயர்த்துங்கள். தாகம் வர முன்னமே தண்ணீர், அரை மணிக்கொரு தரம் ஏதாவது சாப்பாடு.

ஒருநாள் தோப்பூருக்குப் போய், மறுநாள் திரும்பி வாருங்கள். இரண்டாம் நாளும் கால் சொல் கேட்டால் பார்ப்போம்.

ரஜீவனிடம் சொன்னேன். அவருக்கு அந்த மனவருத்தம் இன்னும் இருக்கிறது அப்பா.

அன்புடன்,
கீர்த்தனி

லிங்கநகர்
16.3.2025

அன்பு மகளுக்கு,

சாப்பாட்டு விசயத்தில் உன் கட்டளை ஒன்றையும் மீறவில்லை. "தின்னுற பயிற்சியிலை நீங்கள் எப்பவோ பாஸ்" என்கிறா அம்மா.

நேற்றுத் தோப்பூர் போய், என் பழைய சிநேகிதன் பாக்கியரத்தினம் வீட்டில் தங்கி, இன்று திரும்பிவிட்டேன். ஒருவரும் என்னை முந்தாமல் இல்லை. நான்தான் ஒருவரையும் துரத்தவில்லை.

கதைத்துக்கொண்டு மிதி என்றாய். தனியப் போகிறவன் யாரோடு கதைப்பது? ரஜீவன் பக்கத்தில் வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் வயல், மழை என்று சுற்றி வளைத்தேன். மூதூருக்குக் கிட்ட வரும்போது, "தம்பி, அண்டைக்கு உங்கடை கலியாணத்துக்கு நான் வந்திருக்கவேணும். என்ரை பிழை" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

ஆடு மேய்த்த ஒரு மனுசி, "ஐயா, ஆரோடை கதைக்கிறியள்?" என்று கேட்டா.

"என்ரை மருமகனோடை."

அவ வெறும் றோட்டைப் பார்த்தா. ஆட்டை என்னிடமிருந்து தள்ளிப் பிடித்தா.

மருமகன் என்ற சொல் என் வாயில் வந்தது அதுதான் முதல் தரம், பிள்ளை. நான் வரலாமா என்று அவரிடமே கேட்டுச் சொல்லு.

அப்பா

மட்டக்களப்பு
24.3.2025

அன்பு அப்பா,

உங்கள் கடிதத்தை ரஜீவனிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். ஆட்டுக்கார மனுசி வந்த இடத்தில் சிரித்தார். பிறகு எழும்பிப் போய் வரைபடத்தை எடுத்து, மூன்று நாள் பயணத்தை நாலு நாளாக மாற்றினார்.

"மாமா முன்னுக்குப் போகட்டும்," என்றார். "அவரின்ரை வேகம்தான் எங்கடை வேகம்."

உங்கள்
கீர்த்தனி