வெள்ளைத் துணியில் உன் கை

மாப்ள,

நேற்று என் காருக்குப் புகைச் சான்றிதழ் வாங்கப் போயிருந்தேன். காரைக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு வேனை நிறுத்தி வைத்துக்கொண்டு இப்போது இதைச் செய்கிறார்கள். சைலன்சர் குழாய்க்குள் ஒரு குச்சியை விட்டார்கள், திரையில் எண்கள் ஓடின, ஒரு காகிதம் வந்தது. யாரும் குனியவில்லை, யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டராக வேலை பார்த்த காலமெல்லாம் வண்டிகளின் பின்னால் குந்தியிருந்து முழங்கால் தேய்ந்த எனக்கு அதைப் பார்க்க எரிச்சலாகத்தான் இருந்தது.

"முடிஞ்சிருச்சுய்யா, ஆஃப் பண்ணிருங்க" என்றார் வேன்காரர்.

"மூணு நிமிஷம் ஓடட்டும்" என்றேன்.

"எதுக்குய்யா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்நேரம் பக்கத்தில் வந்து நின்ற லாரியிலிருந்து எண்ணெய் வேகிற வாடை வந்தது. வெறும் புகை வாடை இல்லை, சூடேறிய இரும்பில் எண்ணெய் கருகுகிற வாடை. முப்பது வருஷத்துக்கு முன்னால் கண்டனூரில் ஒரு மத்தியானம் அடித்த அதே வாடை. வீட்டுக்கு வந்ததும் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தத் துணியை எடுத்தேன். இதோ இதை எழுதும்போது மேசைமேல் கிடக்கிறது.

என் துணிகளைப் பற்றி நீ செய்யாத கேலி இல்லை. அப்போது புகையை அளக்க எங்களிடம் எந்தக் கருவியும் கிடையாது. கண்ணுக்குத் தெரிகிற புகை கூடாது என்பது சட்டம், யார் கண்ணுக்கு என்று சட்டத்தில் இல்லை. அதனால் நானே ஒரு முறை வைத்திருந்தேன். கையகல வெள்ளை மல் துணியைக் குழாய் வாயில் பிடித்து, என்ஜினை முறுக்கச் சொல்லி, முப்பது எண்ணுவேன். பிறகு மூலையில் வண்டி எண்ணை எழுதி மடித்து வைத்துக்கொள்வேன். "ஊருக்கெல்லாம் பிரேக் இன்ஸ்பெக்டர், எனக்கு மட்டும் வண்ணான்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாய். சேர்ந்து படித்தவன் என்பதால் விட்டேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றைக்கு அவர் வண்டி தேறியிருக்காது.

அந்தக் காரை நீ வாங்கியபோதே வேண்டாம் என்றேன். கண்டனூர்ப் பெரிய வீட்டார் விற்ற வெளிநாட்டுக் கார். பாதித் தெருவை அடைக்கும். பெட்ரோல் விலை ஏறியபோது அந்த வீட்டாரே அதைக் கைகழுவிவிட்டார்கள். நீ பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு லாரியின் டீசல் என்ஜினை உள்ளே உட்கார வைத்தாய். கல்யாண வீடுகளுக்கு ஓட்டினால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்று ஒற்றைக் காலில் நின்றாய். காரைக்குடியில் உன் பட்டறைக்குள் கார் நுழையாததால், பழைய இடத்திலேயே, அந்த வீட்டுக் கார் கொட்டகையிலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள். சென்னையில் இருந்த அவர்கள் விசேஷத்துக்கு மட்டும்தான் வருவார்கள். மற்ற நாளெல்லாம் பூட்டிய வீட்டுக்கு நீ ஒருவன்தான் காவல்.

முதல் சோதனையில் துணி கரிச்சட்டியைத் துடைத்தது போல ஆகிவிட்டது. கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். நீ கோபப்படவில்லை, அதுதான் உன் குணம்.

"நீ என்ன சட்டப் புஸ்தகத்துக்குப் பொறந்தவனா? சரி, விடு. டீசல் குடுக்குறோம்ல, அதுக்குத் தகுந்த காத்துக் குடுக்கல. அதான் கரி. காத்துக் குடுப்போம்" என்றாய்.

பினாங்கில் படகு என்ஜின் வேலை பார்த்துவிட்டு நீ அறுபதுகளில் திரும்பியபோது கைலியில் சுற்றி ஒரு சாமான் கொண்டுவந்தாயே, அதற்கு வேலை வந்தது. டர்போ என்ற சொல்லை நம் பக்கத்தில் அன்றைக்கு எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? நீ அதைக் காத்தாடி என்றாய். வெளியே போகிற புகையின் வேகத்திலேயே சுழன்று, உள்ளே காற்றை அள்ளித் திணிக்கிற சக்கரம். இரண்டு மாதம் மாரடித்து அதை அந்த என்ஜினில் பொருத்தினாய். மறுபடி சோதனைக்கு வந்தபோது முப்பது எண்ணினேன், நம்பாமல் அறுபது எண்ணினேன். துணி கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். உன் முகத்தில் இருந்த சிரிப்பை நான் வேறு எவர் முகத்திலும் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது.

ஆனால் அந்த ஊதல். கார் கண்ணில் படுவதற்கு முன்பே அது வந்துவிடும். மெல்லிதாகத் தொடங்கி, நாயனத்துக்கு ஒத்து ஊதுவது போல நீண்டு, என்ஜின் நின்ற பிறகும் அரை நிமிஷம் தானாக இழுத்துக்கொண்டே போய் அடங்கும். கண்டனூர் வீடுகள் ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக நீளமானவை. கொல்லைக் கொட்டகையில் நீ காரை நிறுத்தினால் ஊதல் பூட்டிய வீட்டுக்குள் புகுந்து, முற்றமும் கூடமுமாகக் கட்டுக் கட்டாகத் தாண்டி, முன் தெருவில் வந்து கேட்கும். வாசலில் பெரிய பூட்டுத் தொங்கும், உள்ளே யாரோ அழுவது போல இருக்கும். எனக்கு அது ஒருநாளும் பிடித்ததில்லை.

காத்தாடிக்கு நீ ஒரு மரியாதை வைத்திருந்தாய். ஓடி வந்ததும் உடனே நிறுத்தக் கூடாது. மூன்று நிமிஷம் சும்மா ஓடவிட்டு, சக்கரத்தின் சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்ட பிறகுதான் ஸ்டாப்பர் கம்பியை இழுக்க வேண்டும். "ஒரு வெத்தல மடிச்சு வாயில போடுற நேரம்டா. மூச்சு வாங்கிக்கிரட்டும்" என்பாய். நானும் பக்கத்து சீட்டில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். நீ பேசமாட்டாய், நானும் பேசமாட்டேன். நம் சிநேகிதத்தில் பாதி அந்த மூன்று நிமிஷங்களில்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கல்யாண வீட்டில் அந்த மூன்று நிமிஷத்தை யார் தருவார்கள்? அரியக்குடியில் பெண்ணை இறக்கியபோது நானும் இருந்தேன். மேளம் நின்றுவிட்டது. பட்டுப் புடவையில் ஓர் ஆச்சி விறுவிறுவென்று வந்தார்.

"தம்பி, அந்த ஊளைய மொதல்ல நிப்பாட்டுங்க! பொண்ணு காலெடுத்து வைக்கிற நேரத்துல ஊளை கேக்கலாமா?"

நீ கம்பியை இழுத்தாய். அதற்குப் பிறகு எல்லா வீட்டிலும் அதே பேச்சு. பெண் இறங்குமுன் ஊளை அடங்கிவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க நிறுத்தி, மறுபடி கிளப்பி, மறுபடி நிறுத்தினாய். உள்ளே எண்ணெய் வெந்து கரியாகிறது என்பது உனக்குத் தெரியும். ஊளை என்று அவர்கள் சொன்ன பிறகு யாரிடம் போய் எந்திரக் கணக்குப் பேசுவது? நல்ல காரியத்தில் அபசகுனம் என்று பெயர் வந்தால் காரை எவரும் கூப்பிடமாட்டார்கள்.

அடுத்த வருஷச் சோதனைக்கு வந்தாய். இப்போது சொல்லப்போவது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் ஒருமுறை என் வாயால் சொல்ல வேண்டும்.

அன்று துணியில் கரி இல்லை. ஓர் ஈர வளையம் இருந்தது. குழாய் வாய் அளவுக்கு, மஞ்சளாக, தொட்டால் பிசுபிசுவென்று. வெயிலில் பார்த்தபோது புகையில் லேசான நீலம் ஓடியது. நீலம் என்றால் எண்ணெய். காத்தாடிக்குள் எண்ணெயைத் தடுக்கிற சீல் போய், என்ஜினின் எண்ணெயே காற்றோடு உள்ளே போகிறது. நான் உன்னைப் பார்த்தேன்.

"தெரியும்டா. சீல் கசியுது. நாளான்னைக்குக் கண்டனூர் வீட்டுலயே கல்யாணம், நம்ம வண்டிய நம்பி இருக்காக. அது முடியட்டும், மறுநாளே கழட்டிப்புடுறேன். நீயே வந்து பாரு" என்றாய்.

பதிவேட்டில் 'புகை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கரிப் புகைக்கு மாட்டேன் என்று உன்னை அந்தக் காத்தாடியிடம் அனுப்பியவன் நான். நீலப் புகையைப் பார்த்துக்கொண்டே சரி என்றவனும் நான்தான். கறாராக இருந்ததும் தப்பான இடத்தில், இளகியதும் தப்பான இடத்தில். அந்தத் துணியை மட்டும் மற்றவற்றோடு வைக்காமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். நீ சரிசெய்த பிறகு பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று.

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் கண்டனூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். வெள்ளை வெயில், தெருவில் ஒரு நாய் இல்லை. வீட்டார் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள், வாசலில் வாழை மரம் மட்டும் வாடி நின்றது. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஊதல் கேட்டது. எப்போதும் போல ஏறி இறங்கவில்லை. ஏறிக்கொண்டே போனது.

சந்து வழியாகக் கொல்லைத் தெருவுக்கு ஓடினேன். கொட்டகை நிறைய நீலப் புகை. கார் நின்ற இடத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. நீ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். கையில் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டினாய்.

"டீசல் குழாய் என் கையில இருக்குடா! கழட்டி அஞ்சு நிமிஷமாச்சு! நிக்க மாட்டேங்குது!"

டீசல் இல்லாமல் ஓடுகிறது. தன் வயிற்று எண்ணெயைத் தானே குடித்து, குடித்த வேகத்தில் இன்னும் குடித்து ஓடுகிறது. இப்படி ஆகும் என்று ஏட்டில் படித்ததுண்டு, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். வண்டியில் யாரும் இல்லை, ஆனால் யாரோ ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருப்பது போல இருந்தது.

"வெளிய வந்துரு மாப்ள! வெடிச்சிரும்!"

"சுத்தி பூராப் பந்தக் கீத்துடா! பத்துனா வீடு போயிரும். என்னைய நம்பி விட்ட வீடு. துணி குடு, துணி! காத்த அடைக்கணும்!"

பைக்குள் கைவிட்டேன். அந்தத் துணிதான் வந்தது. நீ அதை விரித்து, காற்று இழுக்கிற குழாயின் வாயில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தினாய். என்ஜின் திணறியது, இருமியது, காரே ஒருமுறை குதித்தது. பிறகு நின்றது. காத்தாடி மட்டும் தன் போக்கில் ஊதிக்கொண்டிருந்தது.

வெளியே வந்து காருக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். மூச்சு இரைத்தது. துணியை என் மடியில் போட்டாய், சிரிக்கக்கூடச் செய்தாய்.

"மூணு நிமிஷம் இருடா" என்று கண்ணை மூடினாய். "மூச்சு வாங்கிக்கிர்றேன்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம், மாப்ள. உன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம். இரண்டு. உன் மூச்சு ஊதலோடு சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது, எது எது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மூன்று நிமிஷம் முடிந்ததும் "எந்திரிடா" என்று தோளைத் தொட்டேன். நீ பக்கவாட்டில் சரிந்தாய்.

மாரடைப்பு என்றார் டாக்டர். அந்த மூன்று நிமிஷத்தில் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்.

உன் வீட்டில் உன் மனைவி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். "அண்ணே, ஆளாளுக்கு வண்டியில கோளாறுங்கிறாக. நீங்க பாத்துச் சரின்னு சொன்ன வண்டில்ல? அதுல கோளாறு இருக்குமா? சொல்லுங்கண்ணே" என்றாள். என் சட்டைப் பையில் துணி இருந்தது. "இல்லம்மா" என்றேன். அந்த ஒரு சொல்லை அவள் கடைசிவரை நம்பினாள். போன வருஷம் அவளும் போய்விட்டாள். சொல்ல வேண்டியவளிடம் சொல்லாத கோழை நான். அதனால்தான் இப்போது உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

காரை உடைத்து இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சில மாதம் கழித்து, அந்த வீட்டில் மத்தியானத்தில் ஊளை கேட்கிறது என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். எந்திரம் படித்தவன், போய்ப் பார்த்துவிடுவோம் என்று போனேன். கொட்டகை காலியாக இருந்தது. தரையில் எண்ணெய்க் கறை. முன் தெருவுக்கு வந்து பூட்டிய கதவின் முன்னால் நின்றேன். கேட்டது. உள்ளே எங்கோ, கட்டுக் கட்டாகத் தாண்டி, மெல்லிதாக. கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிஷம் நின்றேன். அடங்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கு நான் போனதில்லை.

துணியின் ஒரு பக்கம் அந்த வளையம். முப்பது வருஷமாயிற்று, இன்னும் பிசுபிசுப்பு போகவில்லை. மறு பக்கம் கரியில் உன் உள்ளங்கை, ஐந்து விரலும், ரேகை உட்பட. மேசையில் விரித்து என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். என் கை கிழடு தட்டிவிட்டது. உன்னுடையது அப்படியே இருக்கிறது.

நேற்று அந்த வேன்காரருக்கு நான் சொல்லாத பதில் இதுதான். எந்த வண்டியையும் நான் உடனே நிறுத்துவதில்லை, ஊதல் இல்லாத வண்டியைக்கூட. நிறுத்தினால் சத்தமே இல்லாமல் போய்விடும், அப்போது உன் காத்தாடியின் ஊதல் கேட்கும். அன்றைக்குக் கொட்டகை வாசலில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மாப்ள. காத்தாடி நின்றதை நான் கேட்கவே இல்லை.