ஆறு தூண் தூரம்

தாராவி, மும்பை
ஆகஸ்ட் 19, செவ்வாய்

அன்பு மகள் ஷைனிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் அந்தோணியார் தயவில் எழுந்து நடமாடுகிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளை சாஜனும் சுகம்தானே என்று கேட்பது முறை, ஆனால் நீ சுகமாக இல்லை என்று தெரிந்துதான் பேனாவை எடுத்திருக்கிறேன், அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறேன். போன் இருக்கும்போது அப்பா ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். மூன்று தடவையும் அங்கே மழையா குளிரா என்று கேட்டுவிட்டுப் போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். மெதுவாகவே படி. மாப்பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லாதே, இது நீயே படிக்க வேண்டியது.

முதலில் வீட்டுச் சமாசாரம். அம்மாவுக்கு முட்டுவலி கூடியிருக்கிறது, மாடிக்கு ஏறும் இரும்பு ஏணியில் ஒவ்வொரு படிக்கும் ஒரு மரியே சொல்கிறாள். தாராவியை இடித்துக் கட்டப்போகிறார்களே, அதற்கான சர்வேக்காரர்கள் வந்து நம் கதவிலும் சிவப்பு மையில் ஒரு நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள், வீடு எங்கே கிடைக்கும், கடைக்கு இடம் உண்டா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். வடாலா குடோனைக் காலி செய்து ஒரு வருஷம் ஆகிறது. இப்போது கீழ்க்கடையில் ஒரே ஆளை வைத்துப் பழைய அட்டைப்பெட்டி திருப்புகிறேன், பாதி நாள் அவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நம் டெம்போ டிரைவர் பூலோகம் ஜூலை பதினேழாம் தேதி இறந்துபோனான். சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போய்விட்டது. உன்னை ஸ்கூலுக்கும் கிரவுண்டுக்கும் டெம்போவில் முன்சீட்டில் வைத்துக் கூட்டிப்போனவன். நீ போட்ட குரல் மெசேஜை அவன் மனைவிக்கு அம்மா கேட்கவைத்தாள், கேட்டு அந்தப் பெண் அழுதாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பார்க்கப் போனேன், அங்கே அவன் என்னிடம் ஒன்று கேட்டான், அதைப் பின்னால் எழுதுகிறேன்.

இனி உன் விஷயம். கால் எலும்பில் கீறல் விழுந்திருப்பதை நீ எங்களிடம் மறைத்தாய், மாப்பிள்ளை மறைக்கவில்லை. போன வாரம் நீ ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த நேரம் பார்த்து அவரே கூப்பிட்டார். "மாமா, காலைல கட்டில விட்டு எறங்குனா செவுத்தப் பிடிச்சித்தான் நடக்கா, ஆனா கிரவுண்டுக்கு மட்டும் போயிருதா, நான் சொன்னா எடுபடாது, நீங்களாவது சொல்லுங்க" என்றார். ஆறு வாரம் ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிப் பத்தாவது நாள் மறுபடி ஷூ மாட்டிவிட்டாயாம். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறாயாம், நாலு பேருக்கு மாத்திரை கொடுத்துப் புத்தி சொல்லுகிற நர்ஸ் நீ. உடம்பு ஏழு கிலோ இறங்கியிருக்கிறதாம். ஏப்ரலில் அங்கே ஓர் ஐந்து கிலோமீட்டர் பந்தயத்தில் பத்தொன்பது நிமிடம் நாற்பத்தெட்டு விநாடியில் வந்துவிட்டு, யாரிடமும் பேசாமல் காருக்குள் போய் அழுதாயாம். இதெல்லாம் எதற்காக என்று எனக்குத் தெரியும். மாரத்தானை மூன்றே கால் மணி நேரத்தில் முடிக்கிறவளுக்கு இந்தச் சின்ன ஓட்டம் எதற்குடி என்று அம்மா கேட்டதற்கு, "நீளமா ஓடி ஓடி வேகம்னா என்னன்னு காலுக்கு மறந்துபோச்சும்மா, ஞாபகப்படுத்தணும், பத்தொம்பது வயசுல ஓடுன அந்தப் பதினெட்டு அம்பத்தேழ ஒரே ஒரு தடவ தாண்டிட்டாப் போதும், அப்புறம் நிறுத்திருவேன்" என்றாயாம். வினையே வீட்டுக்கு வெள்ளை அடித்ததில்தான் ஆரம்பித்தது. சுவரிலிருந்து உன் பதினெட்டு ஐம்பத்தேழு சர்டிபிகேட்டை இறக்கித் துடைத்த கையோடு அம்மா அதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்பினாள், வாலிபத்தில் எப்படி ஓடியிருக்கே பார் என்று. நான் பக்கத்தில்தான் நின்றேன். அனுப்பாதே என்று சொல்ல வாய் வரவில்லை.

மகளே, அந்தப் பதினெட்டு ஐம்பத்தேழு பொய். நீ பொய்யாக ஓடவில்லை, உன்னால் முடிந்த மட்டும் ஓடினாய். ரோடுதான் குறைந்திருந்தது, குறைத்தவன் நான்.

அன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அந்தோணியார் திருவிழாவுக்காக நம் கோவில் இளைஞர் சங்கம் வடாலாவில் நம் குடோன் இருந்த ரோட்டில் அந்த ஓட்டத்தை வைத்தது. ரெண்டரை கிலோமீட்டர் போய், நம் குடோன் வாசலில் வைத்திருந்த பிளாஸ்டிக் கோனைச் சுற்றித் திரும்பி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்குப் பார்த்து எனக்கு மூன்று லாரி சரக்கு வந்து வரிசையாக நிற்கிறது, வானம் சயான் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது, அந்த வருஷத்து முதல் மழை. நம் தொழில் உனக்குத் தெரியும், பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, எழுத்து உள்பக்கம் போகும்படி திருப்பிப் பின் அடித்து விற்கிறோம், சாரல் பட்டாலே சரக்கு குப்பைதான். லாரியைப் பின்னால் எடுக்க வேண்டும், கட்டுகளை ரோட்டில் இறக்கிப் போட்டு உள்ளே இழுக்க வேண்டும். அந்த இடத்தில் இருநூறு பேர் ஓடி வந்து சுற்றித் திரும்பினால் என் வேலை நடக்காது. கோனுக்குக் காவல் போட்டிருந்த ஆள் தண்ணீர் கேன் எடுத்து வரப் போயிருந்தார். நான் கோனைத் தூக்கிக்கொண்டு லாரி வரிசையைத் தாண்டி, நீங்கள் ஓடி வருகிற பக்கமாக நடந்துபோய், டீக்கடைக்கு எதிரில் காலியாக இருந்த இடத்தில் வைத்தேன். பூலோகம் பின்னாலேயே ஓடி வந்தான். "அண்ணாச்சி, அளந்து வச்சிருப்பானுவ, எடுக்காதிய" என்றான். "ஓடுதவனுக்கு ரெண்டு எட்டு கொறஞ்சா சந்தோசந்தாம்ல, நீ போயி தார்ப்பாய அவுரு" என்று சொல்லிச் சிரித்தேன். காவல்காரர் கேனோடு வந்து நான் கோன் வைத்த இடத்தில் நின்றுகொண்டார், அவருக்கு ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரத்தில் நீ வந்தாய், மஞ்சள் பனியன், பெண்களில் முதல் ஆள். கோனைத் தொட்டுத் திரும்பும்போது அந்த மூச்சிலும் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாய். நானும் காட்டினேன். எல்லோரும் போன பிறகு கோனை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். ஒரு கட்டுக்கூட நனையவில்லை, அன்று சாயங்காலம் அதுதான் என் மனதில் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு சாமியார் பூசையில் உன் பேரையும் நேரத்தையும் வாசித்தார். ஊரிலிருந்து சித்தப்பாமார் போன் பண்ணினார்கள். அப்போதுகூட எனக்கு உறைக்கவே இல்லை. அந்த நேரத்தைக் கேள்விப்பட்டுத்தானே மாட்டுங்கா கோச் கலீலுல்லா சார் உன்னைச் சேர்த்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து என்னைக் கூப்பிட்டு, "வேதமுத்து பாய், யே லட்கி ஆலசி ஹை, சுத்தச் சோம்பேறி, திருவிழாவில் பதினெட்டு ஐம்பத்தேழு ஓடின பெண் என் கிரவுண்டில் இருபதுக்குக் கீழே வர மாட்டேன் என்கிறாள், என்னிடம் உழைக்க மனசில்லை" என்றார். இருபது பதினொன்று, இருபது இருபது, இருபது ஒன்பது என்று நோட்டைக் காட்டினார். அந்த நிமிடம்தான் எனக்குக் கோன் ஞாபகம் வந்தது. சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். ஆனால் கோவிலில் வாசித்தாகிவிட்டது, சுவரில் மாட்டியாகிவிட்டது, இந்தப் பெண்ணை வேண்டாம் என்று அவர் தள்ளிவிடுவாரோ என்ற பயம். அதற்கு மேல் என் வியாபாரப் புத்தி. சரக்கு கையில் இல்லாமலே ஆர்டர் எடுத்துவிட்டு, தேதிக்குள் எங்கேயாவது புரட்டிக் கொடுத்துவிடுவேன் இல்லையா, அதைப்போல, பிள்ளை இன்னும் ஒரு வருஷத்தில் நிஜமாகவே அந்த நேரத்துக்கு வந்துவிடுவாள், பொய் கடனைப்போலத் தானாக அடைந்துபோகும் என்று கணக்குப் போட்டேன்.

நீ அந்த நேரத்துக்கு வரவில்லை. வர முடியாதே. கோச் கூப்பிட்ட அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து செய்ததையும் எழுதுகிறேன். நீ ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாய். "ஏட்டி ஆலசி, ஓசில ஓடுததுக்குக்கூட ஒனக்கு வலிக்கோ" என்று கேட்டேன். கோச் சொன்ன வார்த்தையை அவர் சொன்னதைவிட அதிகமாக நான் சொன்னேன், ரெண்டு வருஷம் சொன்னேன், மச்சான்மார் முன்னால்கூடச் சொன்னேன். ஒருநாள் சின்ன ஓட்டத்தை விட்டுவிட்டு நீள ஓட்டத்துக்குப் போய்விட்டாய். நீளமா ஓடுனா யாரும் என்னைப் பழைய டைம் கேக்க மாட்டாங்கம்மா என்று அப்போது அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா இதை என்னிடம் போன மாதம்தான் சொன்னாள்.

பூலோகம் கேட்டதற்கு வருகிறேன். அவனுக்குக் கால் ரெண்டும் வீங்கி, பேச்சு இழுத்து இழுத்து வந்தது. உன்னைப் பற்றி விசாரித்தான். பாப்பா மறுபடியும் சின்ன ஓட்டம் ஓடுகிறாள், அந்தப் பழைய நேரத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்றேன். "அண்ணாச்சி, அந்தக் கோன் சமாசாரம் பாப்பாட்ட இன்னுமா சொல்லல? அது என்னத்தயோ வெரட்டிட்டு ஓடுதே" என்றான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலாவது நாள் அவன் போய்விட்டான்.

அடக்கம் முடிந்த மறுவாரம் வடாலாவுக்குப் போனேன். உன் ஓட்டம் நடந்த காலத்தில் மோனோ ரயிலுக்குத் தூண் மட்டும்தான் நின்றது, இப்போது மேலே தண்டவாளமும் இருக்கிறது. குடோன் வாசல் தூணிலிருந்து நான் கோன் வைத்த இடம் ஆறாவது தூண், அங்கே இருந்த டீக்கடை அப்படியே இருக்கிறது. நம் வீட்டுக்கு வெள்ளை அடித்த பெயிண்டரிடம் டேப் வாங்கி அளந்தேன், தூணுக்குத் தூண் இருபத்தைந்து மீட்டர். ஆறு தூண் நூற்றைம்பது. போகும்போது நூற்றைம்பது, வரும்போது நூற்றைம்பது. உன் அன்றைய வேகத்துக்கு முந்நூறு மீட்டர் என்பது ஒரு நிமிடத்துக்கும் மேலே பத்து, பன்னிரண்டு விநாடி. அதைக் கூட்டிப் பார்த்தால் இருபது ஒன்பது வருகிறது, கலீலுல்லா சார் நோட்டில் இருந்ததும் அதுவேதான். நீ ஒருநாளும் சோம்பேறியாக இருக்கவில்லை. உன் சரியான எடை அதுதான், நான்தான் தராசில் கை வைத்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எங்கிட்ட சொல்லி என்ன, அவகிட்ட சொல்லுங்க என்றாள், அதற்குப் பிறகு நாலு நாளாகச் சோற்றைப் போட்டுத் தட்டை முன்னால் வைக்கிறாள், முகம் பார்க்கவில்லை. பந்தயத்தை நிறுத்துவதற்காக அப்பா கட்டிய கதை என்று நீயும் நினைக்கலாம். நினைப்பதற்கு உனக்கு நியாயம் உண்டு, உன்னைப் பள்ளிக்கூடம் மாற்றியபோதும் பாட்டு கிளாசை நிறுத்தியபோதும் நான் கதை கட்டியவன்தான். சாட்சி சொல்ல இருந்த ஒரே ஆளும் போய்விட்டான். தூண் மட்டும் அங்கே நிற்கிறது, நீ வந்தால் டேப்பின் ஒரு முனையை நான் பிடிக்கிறேன்.

சர்டிபிகேட்டைச் சுவரிலிருந்து இறக்கி, நல்ல பெட்டியாகப் பார்த்து வைத்திருக்கிறேன். அது உன் பொருள். அனுப்பவா, கிழிக்கவா என்று நீ சொல்லு. அது இருந்த இடத்தில் ஆணி மட்டும் தெரிகிறது, அம்மா அங்கே காலண்டரும் மாட்டவிடவில்லை. காலை ஊன்றாதே, டாக்டர் சொன்ன ஆறு வாரத்தை முதல் நாளிலிருந்து மறுபடி எண்ணு. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதே. மாப்பிள்ளை மேல் கோபப்படாதே, அவர் சொன்னதால்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அம்மாவுக்குப் போன் பண்ணு, நான் எடுக்க மாட்டேன்.

ஆண்டவர் உன் காலையும் உன் மனதையும் சேர்த்துக் குணமாக்கட்டும், என் கை பட்டதையெல்லாம் அவர் சரிசெய்யட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. உன் வாழ்நாளில் நீ ஓடிய நல்ல நேரம் பத்தொன்பது நாற்பத்தெட்டு. ஏப்ரலிலேயே ஓடி முடித்துவிட்டாய். அன்றைக்கு நீ காருக்குள் அழுதது என்னால்.

உன் அப்பா
மி. வேதமுத்து