டர்போ போகவில்லை

7-3-2006, செவ்வாய்.

சலீம் பாயின் காரில் இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ போய்விட்டது என்று நேற்று என் பட்டறையில் நான்தான் சொன்னேன். மேம்பாலம் ஏறவே திணறியது, கரும்புகை வேறு. நாளை துபாய் போகும் மகனை அவர் அதில்தான் சென்னைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இன்று காற்றுக் குழாய்களில் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். எங்கும் கசிவில்லை. கடைசியாக ஏர் ஃபில்டரைத் திறந்தால், அதைச் சுற்றி வேட்டித் துணி, பீங்கான் மண் அப்பி அட்டையாக விறைத்துக் காற்றை அடைத்திருந்தது. பீங்கான் கம்பெனித் தூசி உள்ளே போகக்கூடாதென்று போன மாதம் நானே கட்டியது! அவிழ்த்ததும் வண்டி பாலத்தில் பறந்தது. அப்பாடா.

"டர்போ நல்லா இருக்குது பாய், தைரியமா போயிட்டு வாங்க."

"ராசியான கைங்க உங்களுக்கு" என்று என் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். துணி அதில் இருந்தது.