பேசி முடிக்கும்வரை

அம்மாவுக்கு,

"மாசச் சம்பளத்தை விட்டுட்டு கோர்ட்டு வாசல்ல நிக்கப்போறியா?" என்று நான் கம்பெனி வேலையை விட்ட அன்று கேட்டாய். பதில் தாமதமாகிவிட்டது.

சட்டம் படித்தபோது ஒருநாள் கோர்ட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். கூண்டில் உன் வயதுப் பெண்மணி ஒருவர் திக்கித் திக்கிச் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கே எழுந்தார். "உக்காருங்க. அவங்க பேசி முடிக்கட்டும்," என்றார் நீதிபதி. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான் என் கதை.

நம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நீ ஒரு வாக்கியத்தையாவது முடித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

நேற்று அப்பா என் ஆபீசுக்கு வந்தார். கட்சிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். விவாகரத்து மனுவை நான்தான் போட வேண்டுமாம். "அவ வாயே தெறக்கமாட்டா. சட்டுனு முடிஞ்சிரும்," என்றார். முடியாது என்றேன். ஏன் என்றார். சொல்ல ஆரம்பித்தேன், வழக்கம்போல முடிக்க விடவில்லை.

வேறு வக்கீலைப் பிடித்துவிடுவார். நோட்டீஸ் வந்தால் பதறாதே. உனக்காக நான் ஆஜராகிறேன். ஆனால் கூண்டில் ஏறி நீதான் பேச வேண்டும். அவசரமே இல்லை, தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாகப் பேசு. நீ முடிக்கும்வரை அப்பா உட்கார்ந்துதான் இருக்க வேண்டும்.

உன் மகள்