'வெரி'க்கு ஆறு கோப்பை

10 ஜூன், செவ்வாய்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரண்ட் வேறு இல்லை.

நிரந்தர வேலைக்கு வியாழக்கிழமை மாதிரி வகுப்பு. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால், தாளாளர், தலைமையாசிரியை, வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் பார்வையில். ஏழு வருஷமாக இந்தப் பள்ளியில் தற்காலிக இங்கிலீஷ் டீச்சர் நான். இருப்பது ஒரே இடம். போட்டிக்குச் சிதம்பரத்திலிருந்து ஒரு முனைவர் பட்டம். அவருக்குக் கிடைத்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சீட்டுக் குலுக்கித் தலைப்பு. அவருக்குச் செயப்பாட்டு வினை. எனக்கு ஒற்றைச் சொல், 'வெரி'. முனைவர் சிரித்தார்.

"உங்களுக்கு ஈஸிங்க மேடம். 'ரொம்ப'ன்னு சொல்லிட்டு இறங்கிடலாம்."

சிரிக்கட்டும். எனக்கும் பல் இருக்கிறது.

11 ஜூன், புதன்

விடியற்காலையில் அகராதியோடு உட்கார்ந்தேன். நல்ல வேட்டை. 'வெரி' ஆங்கிலத்தில் பிறந்ததே இல்லை. பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மூலம் லத்தீனில். பொருள் 'உண்மையான'. முதலில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, இது மெய்யான ஆள், மெய்யான நண்பன் என்று சாட்சி சொன்ன சொல். போகப் போக 'மெய்யாகவே' ஆகி, கடைசியில் வெறும் 'மிக'. பாவம், சத்தியம் செய்து கொண்டிருந்ததைக் கூவி விற்க அனுப்பிவிட்டார்கள். 'தி வெரி மேன்' என்றால் 'அதே ஆள்'. அங்கே மட்டும் பழைய கௌரவம் மிச்சம்.

- 'வெரி டால்' சரி. 'வெரி லைக்' தப்பு, 'லைக் வெரி மச்'.
- 'வெரி பர்ஃபெக்ட்' வேண்டாம். நிறைந்த குடத்தில் ஊற்றுவானேன்.
- சாக்பீஸ். நீலப் புடவை.

பிள்ளைகளுக்கு இதை எப்படிக் காட்டுவது? குளிக்கும்போது பிடிபட்டது. சூளையிலிருந்து இறங்கிய கோப்பையை என் வீட்டுக்காரர் விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். 'ணங்' என்றால் நல்ல சரக்கு. 'டொக்' என்றால் கண்ணுக்குத் தெரியாத விரிசல், ஒதுக்கு. பளபளப்பை யாரும் நம்புவதில்லை, சத்தத்தைத்தான். அதுதான் 'வெரி'!

இவருடைய யூனிட் பீங்கான் தொழிற்பேட்டையில். போன் செய்தேன். "ஆறு கப்பு வேணுங்க, கிளாஸுக்கு."

"வரும்போது எடுத்தாரேன்மா."

12 ஜூன், வியாழன்

சமையல் காத்திருக்கட்டும். எழுதியே ஆக வேண்டும்.

கதை சொன்னேன், பிரெஞ்சு, லத்தீன், சத்தியம் எல்லாம். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். பெட்டியைத் திறந்தேன். பளபளவென்று ஆறு கோப்பை. "கேளுங்க, உண்மையான கப் எப்படிப் பேசுதுன்னு" என்று முதல் கோப்பையைத் தட்டினேன்.

டொக்.

இரண்டாவது. டொக். மூன்றும் டொக். அப்போதுதான் உறைத்தது. செகண்ட்ஸ்! ஒதுக்கிய சரக்கைக் கட்டிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். பீங்கான் வீட்டில் அதுதானே வழக்கம். நல்லது லாரி ஏறும், நொண்டியும் கோணலும் வீட்டுக்கு வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் நல்ல கோப்பையில் டீ குடித்ததில்லை. திறந்து பார்க்காதது என் புத்தி.

பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த முனைவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காவது கோப்பையைத் தட்டாமல் கீழே வைத்தேன்.

முன் பெஞ்சில் ஒரு பெண், பேட்டைப் பிள்ளை, சும்மா இருக்க முடியாமல் எழுந்தது. "மிஸ், அதெல்லாம் செகண்ட்ஸு மிஸ். இதுல நல்ல கப்பே இல்ல."

பளிச்சென்று வழி திறந்தது. "அதையே இங்கிலீஷ்ல சொல்லு!"

"திஸ் கப் இஸ் வெரி... வெரி பேட், மிஸ்."

"தட்டின சத்தம் கேட்டுச் சொன்னியா, சும்மா பார்த்துச் சொன்னியா?"

"சத்தம் கேட்டுத்தான் மிஸ்."

"அப்போ உன் 'வெரி' உண்மை. உட்காரு. இப்ப எல்லாரும் பாருங்க. மேல பளபளன்னு இருக்குது, பார்த்தா 'வெரி குட்'னு சொல்லிடுவோம். சொல்லலாமா?"

"கூடாது மிஸ்!" ஓடு பறக்கிற சத்தம்.

அப்புறம் வகுப்பு என் கையில் இல்லை. கோப்பைகள் பெஞ்சு பெஞ்சாகப் போயின. மேஜை, ஜன்னல், நண்பன் மண்டை வரை தட்டித் தட்டி வாக்கியம் சொன்னார்கள். 'மை பிரதர் இஸ் வெரி லேசி, ஐ செக்ட்.' பேராசிரியர் தானே எழுந்து வந்து ஒரு கோப்பையைக் காதருகே தட்டினார். மணி அடித்தும் யாரும் எழவில்லை. முனைவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

சாயங்காலம் இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"புள்ளைங்க ஒடைச்சிடும்னு நெனச்சேன்மா. நல்ல சரக்க யாரு வூட்டு வேலைக்குக் குடுப்பாங்க?"

"அது வூட்டு வேலையாங்க? என் வேலைங்க!"



16 ஜூன், திங்கள்

தூறல். தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் ஆணை. நிரந்தரம். கையெழுத்துப் போடுவதற்கு முன், "பத்தாம் வகுப்பும் வேணும் சார்" என்றேன். தற்காலிகக்காரர்களுக்கு அதைக் கொடுக்க மாட்டார்கள். தாளாளர் தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். போட்டேன் கையெழுத்து.

வாசலில் ஆட்டோ. முன்பின் பார்க்காத டிரைவர்.

"என்னாம்மா, நனைஞ்சிக்கிட்டே சிரிக்கிறீங்க?"

"பெர்மனெண்ட் ஆயிட்டேங்க."

முதலில் சொன்னது அவரிடம்தான். "ரொம்ப சந்தோஷம்மா" என்று இன்ஜினை நிறுத்தி இறங்கி வந்து கும்பிட்டார். அங்கேயே அழுதுவிட்டேன்.