பாதாம்பருப்பில் எழுதிய பெயர்

அன்பு மகள் எவாந்தியாவுக்கு அப்பா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கு நான் சுகம். ஸ்டுட்கார்ட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாயிருக்க வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறதா? இது டீச்சர் எழுதிக் கொடுத்ததல்ல, அம்மா. நானே எழுதுவது! இந்த வயதில் முதியோர் பள்ளிக்குப் போய்க் கற்றுக்கொண்டேன். கடைப்பலகை, தீப்பெட்டி, மருந்துப் புட்டி, எதையும் வாசிக்காமல் விடுவதில்லை.

பள்ளியைத் திறக்கச் சொன்னது நம் லாம்ப்ரோஸ்தான். பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவன் படம். மலைப்போரில் பனியில் செத்த என் தம்பியின் பெயரைத்தான், ஞானத்தகப்பனாக நின்று அவனுக்கு வைத்தேன். ஆட்டுக்காரர் பிள்ளை. ஈஸ்டர்தோறும் நான் அனுப்பிய காலணியைப் போட்டு வளர்ந்தவன். பட்டாளப் பள்ளிக்குப் போனான், ஜெனரல் ஆனான். கடைசியாக வந்தபோது ஜீப்பிலிருந்து இறங்கி என் கையை முத்தமிட்டான். பிறகு ஒரு காலை ரேடியோவில் பாண்டு வாத்தியம் மட்டுமே கேட்டது. அதற்குப் பின் அவன் குரல். அன்று முதல் நாடே அவன் கையில். அவன் மீசையைக் கேலி செய்த தபால்காரரைத் தீவுச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். இன்னும் திரும்பவில்லை.

சனிக்கிழமை இறந்தோர் திருநாள். கோவிலில் எல்லோருக்கும் ஒரு கரண்டி கொடுக்க, செத்த தம்பி பெயரில் கோதுமை அவித்தேன். சர்க்கரைமேல் உன் அம்மா பாதாம்பருப்பால் சிலுவை மட்டும் வைப்பாள். எனக்குத்தான் எழுத வருகிறதே! சந்தோஷத்தில் தட்டு நிறைய 'லாம்ப்ரோஸ்' என்று வைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோனேன். தம்பியை இப்போது யாருக்கு ஞாபகம்? ஊருக்குத் தெரிந்த லாம்ப்ரோஸ் ஒருவன்தான். சாமியார் தூபக்கலசத்தை ஆட்டாமல் நின்றார். ஸ்மாரோ அத்தை மட்டும் ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, "கடவுள் மன்னிக்கட்டும்! எப்பய்யா செத்தான் அந்தப் பாவி?" என்று கத்தினாள். பின்வரிசையில் ஒருவன் "அப்பாடா!" என்றான்.

போலீஸ் சார்ஜண்டிடம் தம்பி கதையைச் சொன்னேன். "தம்பிய விடுங்க பெரியவரே. அப்பாடான்னவன் யாரு? அதச் சொல்லுங்க" என்கிறான். நாளை தலைநகரிலிருந்து கார் வருகிறதாம். "உங்க ஞானப்பிள்ளை உங்களப் பாக்கணுமாம். நல்ல கோட்டா போட்டுக்கிட்டு வாங்க" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணல் பாதி அதனால்தான்.

'அப்பாடா' என்ற அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். இதைக் கொண்டுவரும் உன் கொழுந்தன் ஃபோட்டிஸுக்குச் சோறு போடு, வேலை தேடிக் கொடு, ஊருக்குத் திரும்ப விடாதே. அவனை ஒன்றும் கேட்காதே. கேட்பவர்களிடம் நான்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுவேன். கிழவன் உட்காரும்போது வந்த சத்தம் என்று நம்பினாலும் நம்புவார்கள்.

மாதா உங்களைக் காக்கட்டும். ஈஸ்டருக்கு வராதே. எனக்காகக் கோதுமை அவிக்க நேர்ந்தால் சிலுவை மட்டும் வை, கண்ணே. பெயர் வேண்டாம்.

உன் அப்பா
தனாசிஸ்