பாக்கலாமுங்க என்றோர் அறிக்கை

உன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் நீ செருகி வைத்த வரைபடம் அப்படியே இருக்கிறது. போர் நடக்கும் அந்த நாட்டின் ஆற்றை நீலப் பேனாவால் இரண்டு முறை அழுத்தி வரைந்திருக்கிறாய். இப்போது இந்த மேஜை எனக்கு. நீ இறந்துபோய் ஒரு வருடமாகப் போகிறது. இன்றுதான் உனக்கு எழுத மனம் துணிந்தது.

போர் தொடங்கி, அந்த ஆற்றில் வெளிநாட்டுக் கப்பல்கள் போவதைத் தடுத்திருந்த நேரம். நம் கம்பெனியின் குழந்தை உடுப்புகள் ஆற்றின் மேல்பகுதியில் உள்ள ஓர் ஊருக்குப் போக வேண்டும். சமாதானம் பேசிய தூதர்கள், 'ஆற்றைத் திறப்பது குறித்துச் சாதகமாகப் பரிசீலிக்க இசைந்தோம்' என்று அறிக்கை விட்டார்கள். கன்டெய்னருக்குச் சொல்லிவிடலாம் என்று துள்ளிக்கொண்டு வந்தேன். என் போனை வாங்கிப் படித்துவிட்டு நீ சிரித்தாய்.

"ஏட்டி, இது உங்க ஊரு 'பாக்கலாமுங்க'ல்லா!"

திருநெல்வேலியிலிருந்து நீ வந்த புதிதில் இங்கே பக்கத்தில் வீரபாண்டியில் வாடகைக்கு வீடு கேட்டாயாம். வீட்டுக்கார அம்மா காப்பி கொடுத்து, "பாக்கலாமுங்க கண்ணு" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை அடுப்பும் துடைப்பமுமாக ஆட்டோவில் போய் இறங்கினால், உள்ளே வேறொரு குடும்பம் பால் காய்ச்சிக்கொண்டிருந்ததாம். "இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னட்டி உங்களுக்கு? காப்பி குடுத்துல்லா அனுப்புதீங்க!"

கன்டெய்னர் பெட்டியை அனுப்பாமல் நிறுத்திவைத்தோம். பத்தே நாளில் பேச்சு முறிந்தது. அவசரப்பட்டுப் போன கப்பல்கள் ஆற்று முகத்துவாரத்தில் நின்றன. "நெசமா சரின்னு சொல்லப் போறவன் ஒவ்வொண்ணுக்கும் சண்டை போடுவாம்ட்டி" என்றாய் அன்றைக்கு.

இந்த வாரம் மறுபடி ஓர் அறிக்கை. அதில் இனிப்பான வார்த்தை ஒன்றுகூட இல்லை. கண்ணிவெடியை யார் அகற்றுவது, எந்த நாட்டுக் கொடி முதலில் போவது, கப்பலை யார் சோதிப்பது என்று பக்கம் பக்கமாக மல்லுக்கட்டு, நீ சொன்ன அதே சண்டை. ஆனால் முதல் கப்பல் போகும் நாளைக் குறித்திருந்தார்கள்.

"ஏனம்மிணி, அனுப்பீரலாமா?" என்று இந்தப் பருவத்துப் பெட்டியைப் பற்றிக் கேட்டார் ஓனர்.

அனுப்பாவிட்டால் பருவம் தவறி ஆர்டர் போகும். அனுப்பி, பெட்டி வழியில் மாட்டினாலும் போகும். எப்படிப் போனாலும் தையல் லைனில் இருக்கும் பெண்களுக்கு வேலை இல்லை. மகள் ஒரு தும்மல் போட்டாலே இரண்டு டாக்டரிடம் கேட்கிறவள் நான். வாய் தானாகச் சொன்னது: "பாக்கலாமுங்க."

அவரும் இந்த ஊர்க்காரர்தானே. "செரி, வேண்டாங்கறே" என்று லாரிக்காரரைப் போனில் கூப்பிட்டார், வர வேண்டாம் என்று சொல்ல.

படித்துப் பார்த்து எனக்குத் தெரிந்துபோன 'அனுப்பலாம்' என்ற பதிலை, என் மரியாதைப் பேச்சே மறைத்துவிட்டது. அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தபோதே சொன்னேன்: "இல்லீங்க, நான் வேண்டாம்னு சொல்லலீங்க. பயந்துட்டனுங்க. லாரி வரட்டுங்க. இந்தத் தடவ தெறந்துருவாங்க, அனுப்பலாங்க."

போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அதைய மொதல்லயே சொல்றதுக்கென்ன அம்மிணி?"

மதியம் பெட்டி தூத்துக்குடிக்குக் கிளம்பியது. ஆற்றுக்குள் நுழைய இன்னும் பல நாள் ஆகும். அதுவரை தினமும் செய்தி பார்ப்பேன், ஒரே செய்தியைப் பத்து முறை படிப்பேன். என் பயத்தை உன்னாலும் திருத்த முடிந்ததில்லை. ஆனால் சம்மதத்தைச் சம்மதம் என்றே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பயப்படுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது அவ்வளவுதான். எனக்கு அது போதும்ட்டி.